இஞ்சின் மேல் பனி நிற்காது

நான் செய்த முதல் பனி தயிர்சாதம் மாதிரி இருந்தது. என் மனைவி அப்படிச் சொன்னபோது கோபம் வந்தது. பிறகு நண்பர்கள் நாலு பேரும், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமலேயே, அதே வார்த்தையைச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பனி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஏதேதோ கம்பெனிகளில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம், பொத்தேரியில் ஒரு நண்பரின் வீட்டு மாடி ஹாலில் கூடி, பெரிய மேஜையின் மேல் பொம்மை டாங்குகளை நிறுத்திப் போர் விளையாடுவோம். டேப்பால் அளந்து நகர்த்துவோம், டைஸ் உருட்டிச் சுடுவோம். ஒவ்வொரு டாங்கும் உள்ளங்கையில் அடங்கும். பிளாஸ்டிக் துண்டுகளாக வருவதை நாமே ஒட்டி, நாமே வர்ணம் அடிக்க வேண்டும். விளையாட்டைவிட எனக்கு அந்த வர்ணம் அடிக்கிற வேலைதான் அதிகம் பிடிக்கும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அது பழகிப்போய்விட்டது.

அந்த வருஷம் பனிக்காலப் போர் ஒன்றை விளையாடுவது என்று முடிவாகி, பத்து டாங்குகள் என் பொறுப்பாக வந்தன. எங்களில் யாரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் வேலை விஷயமாகக் குளிர் தேசம் போனவர். அவர் போனது கோடைகாலத்தில். நமக்கெல்லாம் பனி என்றால் மார்கழிக் காலையில் பைக் சீட்டை நனைத்து வைக்கிற ஈரம்தானே. நான் வீடியோக்களைப் பார்த்து, ஆப்பசோடாவை வெள்ளைப் பசையில் குழைத்து, பத்து டாங்குகளின் தலையிலும் அப்பினேன். முதல் வாரம் தயிர்சாதம். மூன்று மாதத்தில், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், ஓரங்கள் பழுப்பேறி அது புளித்த தயிர்சாதமும் ஆயிற்று.

இந்த நேரத்தில் ஒரு சீடையைக் கடித்து என் முன்பல் உடைந்தது.

செங்கல்பட்டில் இருக்கும் பல் டாக்டர், "முன்பல் பாருங்க, கலர் கொஞ்சம் தப்பினாலும் தெரிஞ்சிடும். லேபுக்கே நேரா போயிடுங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்று அனுப்பினார். கொளவாய் ஏரி தெரிகிற ஒரு மாடியில் இருந்தது அந்த லேப். செயற்கைப் பற்கள் செய்கிற இடம். ஜன்னலோரம் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கோவளத்துக்காரர். அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். இவர் பல் செய்கிற படிப்பு படித்துவிட்டு, இரண்டு பஸ் மாறித் தினமும் இங்கே வந்து போகிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவர் என்னை வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து, மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை என் உதட்டருகே பிடித்தார். மாற்றி மாற்றிப் பிடித்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"வெள்ளைதானே மேடம், இவ்வளவு பார்க்கணுமா?" என்றேன்.

"பல்லுல வெள்ளைன்னு ஒரு கலரே கெடையாது சார். உங்க பல்லு அடியில மஞ்சா, நுனியில சாம்பல். நடுவுல கொஞ்சம் டீ." பட்டையைக் கீழே வைத்தவர் என் கட்டைவிரலைப் பார்த்தார். "கையில இன்னா சார், சுண்ணாம்பா?"

நகக்கண்ணில் வெள்ளை வர்ணம் ஒட்டியிருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"வண்டி நல்லா கீது. அதுக்கு மேல எதுக்கு தேங்கா சட்னி?"

"அது பனி."

"பனியா! எல்லாம் ஒரே வெள்ளையா கீதே சார்" என்றார். அதில் கிண்டல் இல்லை. டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்த்துச் சொல்வது மாதிரி இருந்தது.

ஒரு வாரத்தில் பல் வந்தது. அதைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, எது புதுப் பல் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் இரண்டு தடவை தப்பாகக் காட்டினாள். அன்றே முடிவு செய்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வர்ணம் அடிக்காத டாங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். நன்றி சொல்ல வந்ததாகத்தான் ஆரம்பித்தேன். அவர் டாங்கை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த நான் வெச்சிக்கவா? பாக்கலாம்" என்றார். நான் கேட்க நினைத்திருந்ததே அதுதான்.

நான் எதிர்பார்த்தது, இரண்டு வாரத்தில் ஒரு படம் வரும் என்று. போனில் வந்தவை கேள்விகள். இந்த வண்டிக்கு இஞ்சின் முன்னாடியா பின்னாடியா? உள்ளே எத்தனை பேர்? அவங்க எந்தப் பக்கமா ஏறுவாங்க? ஏறும்போது எதைப் பிடிச்சிக்குவாங்க? பதினைந்து வருஷமாக இந்த விளையாட்டில் இருப்பவன் நான். உள்ளே இருப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேடிப் படித்துத்தான் பதில் சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலை கோவளத்துக்கு வரச் சொன்னார். போனேன். படகுகள் கரையேறி மீன் இறங்கிக்கொண்டிருந்தது. டெம்போவில் வந்த ஐஸ் பார்களை ஒரு இரும்பு மெஷினில் தள்ளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஐஸ் ஒரு பக்கம் பெட்டிகளுக்குப் போக, தூளாகப் பறந்தது அந்த மெஷின் மேலேயே படிந்துகொண்டிருந்தது. அவர் என்னை அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"பனி நான் பார்த்ததில்ல சார். ஆனா இரும்பு மேல ஐசு எப்டி உக்காருதுன்னு சின்ன வயசுலேர்ந்து பார்த்துகினு இருக்கேன். மோட்டார் மூடி மேல பாருங்க. சூடு. ஒரு பொட்டு நிக்கல, ஈரம் மட்டும் கீது. இந்த போல்ட்டு மூலைல பாருங்க, அப்டியே குந்திகினு கீது. ஆளுங்க கை வெக்கிற பிடியில ஒண்ணும் இல்ல. உருகற எடத்துல ஓரம் கண்ணாடி மாரி ஆயிடுது, அதுக்கப்புறம்தான் சொட்டுது. சொட்டுற தண்ணி தூசிய இழுத்துகினு கோடு கோடா எறங்குது."

மெஷின்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாக்கா, மெஷின வாங்கப் போறீங்களா?" என்றார்.

"இல்லப்பா, பார்த்துட்டுப் போயிடுவோம்" என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். கடல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எத்தனையோ தடவை அந்தக் கரையில் மீன் வாங்கியிருக்கிறேன். அந்த மெஷினும் அங்கேதான் இருந்திருக்கும். எனக்கு அது ஒரு சத்தமாக மட்டுமே ஞாபகம் இருக்கிறது.

வேலையை அவர் மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் செய்தார். சில சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். முதலில் பனியே இல்லாத டாங்காக அதை முழுசாக முடித்தார். பச்சை, அதன் மேல் துரு, சேறு, எண்ணெய்க் கறை. குளிர்கால யுத்தங்களில் வண்டி கண்ணில் படாமல் இருக்க வெள்ளையடிப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காகப் பச்சைக்கு மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் மெல்லிசாக வெள்ளை பூசினார். பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தார். அடியில் இருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து, தேய்த்த இடத்தில் மட்டும் வெள்ளை உரிந்து வந்தது. இந்த வித்தையை நானும் செய்வேன், கண்ட இடத்தில் தேய்ப்பேன். அவரோ, ஆட்களின் கால் படும் இடம், கை படும் இடம், மூடி திறந்து உரசும் இடம் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். ஐந்து பேர் ஏறி இறங்கிய வண்டி ஒன்று என் கண் முன்னால் உருவானது.

கடைசியில்தான் பனி. கொஞ்சம் உப்பை எடுத்து டாங்கு பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இந்த சைஸ் வண்டிக்கு ஒரு உப்புக் கல்லு இளநீ மாரி தெரியும் சார். உங்க ஆப்பசோடாவும் கட்டி கட்டியா இருந்திச்சே, அதான்." பல் செய்த பிறகு மிஞ்சி, தூக்கியெறியப்படும் பீங்கான் தூளை எடுத்து, மெல்லிய துணியில் இரண்டு தரம் சலித்து, பளபளக்காத வார்னிஷில் கரைத்தார். பிரஷ் நுனியில் அதைத் தொட்டு, மூலைகளில் வைத்தார். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. நிழல் விழும் இடத்தில் அடியில் லேசான நீலம். உருகும் ஓரத்தில் ஒரு சொட்டு பளபளக்கும் வார்னிஷ். அங்கிருந்து கீழே, தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு.

"எங்கெல்லாம் போடக் கூடாதோ, அத்த மொதல்ல குறிச்சி வெச்சிக்கினேன். மிச்சம் சுலபம்" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. முடிந்த டாங்கை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். அன்று மதியம் சாப்பாட்டுக்கு அவரை அழைத்திருந்தாள் என் மனைவி. அவள் அண்ணனும் வந்திருந்தார். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவர்களுடையது. மச்சான் வயலில் நிற்காமல் பட்டாளத்துக்குப் போனவர். ராணுவ வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்து, பாதிக் காலம் லடாக்கில் கழித்துவிட்டு வந்தவர். இப்போது ஊரில் டிராக்டர் ரிப்பேர் கடை. எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பட்டாளத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது கேட்டால், "குளிரு. வேற இன்னா" என்பார். அதோடு முடிந்துவிடும்.

டாங்கை டீப்பாய் மேல் வைத்தோம். மச்சான் முதலில் சிரித்தார். "இன்னா மாப்ள, இன்னும் பொம்மைய வுடலயா?" பிறகு குனிந்தார். பிறகு சோபாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"இஞ்சின் மேல பரஃபு இல்ல" என்றார். பனியை அவர் அப்படித்தான் சொல்வார், பட்டாளத்து இந்தியில்.

"நிக்காதில்ல அண்ணா?" என்று கோவளத்துக்காரர் கேட்டார்.

"நிக்காது. அங்கதான் நாங்க கைய வெச்சிக் காய்வோம். வண்டிய நிறுத்துனதும் ஓடிப் போயி எடம் புடிப்போம்." அவர் விரல் மேல்மூடியின் பிடிக்குப் போய், தொடாமல் நின்றது. "இத்த வெறுங்கையால தொடக் கூடாது. தோலு அதுலயே ஒட்டிகினு நின்னுடும். என்கூட ஒருத்தன் இருந்தான். ஒருநாள் கிளவுஸ மறந்துட்டான். ஒரு நிமிஷம்தான். ஸ்பேனர எடுத்துட்டான்."

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர் நிறுத்தவில்லை. அந்த நண்பனின் கைக்குக் கட்டுப்போட்டது, அவன் வேலையையும் சேர்த்து இவர் இரண்டு மாதம் பார்த்தது, பதிலுக்கு அவன் ஒரே கையால் சப்பாத்தி உருட்டிப் போட்டது, அது எந்த ஊர் வரைபடம் மாதிரி இருக்கும் என்று தினமும் பந்தயம் கட்டியது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் சாப்பாடு ஆறிப்போனது.

"அங்க பனி இன்னா கலர் அண்ணா?" என்று கோவளத்துக்காரர் கேட்டார். பல் கலர் பார்க்கிற அதே குரல்.

மச்சான் யோசித்தார். "வெள்ளைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சாயங்காலம் நீலமா ஆயிடும்மா. வண்டி போற எடத்துல சாம்பல். உச்சி வெயில்ல பாக்கவே முடியாது, கண்ணு போயிடும். யாரு கேட்டாலும் வெள்ளைன்னு சொல்லிட்டுப் போயிடுறது."

பிறகு டாங்கின் பின்பக்கத்தைப் பார்த்தவர், "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"ஓடுன வண்டின்னு மேல பார்த்தா தெரியுது. ஆனா பின்னாடி மட்கார்டுக்கு அடியில சுத்தமா கீது. செயினு தூக்கியடிக்கிற பரஃபு சேறோட சேந்து அங்கதான் போயி அடைஞ்சிக்கும். கல்லு மாரி. தெனம் காலைல கடப்பாரைய வெச்சி இடிப்போம். அதுதான் பேஜாரான வேலை."

கோவளத்துக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். சாப்பிட்டார், வத்தக்குழம்பைப் பாராட்டினார். கை கழுவிவிட்டு வந்து, என்னிடம் ஒரு பிளேடு கேட்டார். நான் எதற்கென்று தெரியாமல் கொடுத்துவிட்டேன். டாங்கைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பகுதியில் மூன்று வாரமாகப் பூசியதையெல்லாம் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினும் பாதி கழன்று வந்தது.

"ஐயோ, இருக்கட்டும்ங்க! விளையாட்டுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அண்ணனுக்குத் தெரியுமே சார்" என்றார், நிமிராமல்.

மச்சான் பதறிப்போனார். "ஏம்மா, நான் சும்மா சொன்னேன்மா." அதற்குள் பாதி போய்விட்டது. பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, எவ்வளவு உயரம் வரை அடையும், எந்தப் பக்கம் அதிகம், இடித்தபின் எப்படி உடையும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். அவர் படம் வரைந்தும் நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு ஒரு வேலையை இப்படிச் சுரண்டிப்போடத் தைரியம் வந்ததில்லை. தப்பு என்று தெரிந்தாலும் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போய்விடுவேன். என் அலமாரியில் அப்படிச் சுவரைப் பார்த்து நிற்கும் டாங்குகள் நிறைய. அன்று சாயங்காலம் கோவளத்துக்காரரை, சுரண்டிய டாங்கோடு கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, என் பத்து தயிர்சாத டாங்குகளையும் எடுத்து ஒரு வாளியில் ஊறப்போட்டேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் பிரஷ்ஷால் தேய்த்து, எங்கே போடக் கூடாது என்பதைப் பென்சிலால் குறித்தேன். நாலு டாங்குகளைத்தான் முடிக்க முடிந்தது. அந்த நாலும் சுமார்தான். ஆனால் யாரும் சாப்பாட்டின் பேரைச் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. பொத்தேரி ஹாலில் மேஜை முழுக்க வெள்ளைத் துணி, தெர்மாகோல் மேடுகள், பஞ்சு மரங்கள். கோவளத்துக்காரர் தம் டாங்கைப் பல் வைக்கிற சின்ன டப்பாவில் கொண்டுவந்திருந்தார். டிராக்டர் சாமான் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மச்சானும் வந்துவிட்டார். டாங்கை எடுத்து மேஜையில் வைத்ததும் எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்தோம். மட்கார்டுக்கு அடியில் சாம்பலும் பழுப்புமாக அடைந்த கட்டி, அதில் ஒரு ஓரம் இடித்து உதிர்ந்த மாதிரி சுத்தமான உடைப்பு. மச்சான் நகத்தால் அதை மெல்லத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய், போனில் யாருக்கோ அந்த டாங்கின் படத்தை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. இந்தியில் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார். கீழேயிருந்து அவர் சிரிப்புச் சத்தம் மேலே வரை கேட்டது.

விளையாட்டு தொடங்கியது. இரண்டாவது சுற்றிலேயே எதிர்ப்பக்கத்து நண்பரின் டைஸில் ஆறும் ஆறும் விழுந்தது. கோவளத்து டாங்கு காலி. எங்கள் விதிப்படி அழிந்த டாங்கை எடுப்பதில்லை, கருப்புப் பஞ்சைப் புகைபோல மேலே வைத்து அதே இடத்தில் விட்டுவிடுவோம். பஞ்சை வைக்க யாருக்கும் கை வரவில்லை. டைஸ் உருட்டினவரே, "செல்லாதுன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"அவ்ளோதானா? செத்துப்போச்சா?" என்றார் கோவளத்துக்காரர்.

"ஆமாங்க."

"அப்போ வைங்க சார். விளையாட்டுன்னா விளையாட்டு." அவரே பஞ்சை வாங்கி டாங்கின் மேல் வைத்தார். வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

"தப்பா கீது" என்றார்.

"என்ன தப்பு?"

"வண்டி எரியுது. மேல ஐசு அப்டியே கீது, சுத்தியும் வெள்ளையா கீது. எரிஞ்சா தரை தெரியணுமே சார். எவ்ளோ தூரத்துக்கு உருகும்?" அறையைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணன் எங்க?"

மச்சான் இன்னும் கீழேதான் பேசிக்கொண்டிருந்தார். பதிலுக்குக் காத்திராமல் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். நாங்கள் ஐந்து பேரும் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைத்தோம்.